ஆறடிச் சுவரும் வாடகைக் கணக்கும்: சிகாகோவின் மொனாட்நாக் கட்டடம்

சிகாகோ நகர மையத்தில், ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கிற மூலையில் கருஞ்சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 16 மாடி, 215 அடி உயரம், 1891-இல் கட்டி முடித்தது. அதன் தெற்குப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பாதி இருக்கிறது. அது 1893-இல் முடிந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் மொனாட்நாக் கட்டடம். வடக்குப் பாதியின் பாரத்தைச் செங்கல் சுவர்கள் தாங்குகின்றன. தெற்குப் பாதியின் பாரத்தை எஃகுச் சட்டகம் தாங்குகிறது. ஒரே குடும்பத்தின் பணத்தில், ஒரே மனையில், ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு, இரண்டு வருட இடைவெளியில் இரண்டு வேறு முறைகளில் எழுந்த கட்டடம் இது. அடுக்குமாடிக் கட்டடங்கள் எப்படிப் பிறந்தன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

கட்டடக்கலை வரலாறு பேசுகிறவர்கள் வடக்குப் பாதியைப் பழைய முறையின் கடைசி மூச்சு என்று சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துபோவார்கள். எஃகு வந்துவிட்டது, இவர்கள் மட்டும் செங்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பது அதன் சாரம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதைக் கட்டியவர்களுக்கு எஃகைப் பற்றி நன்றாகவே தெரியும். இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் வாடகைக் கணக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் வடக்குப் பாதியின் ஆறடித் தடிமனான சுவரும் புரியும், அதற்குப் பக்கத்திலேயே ஏன் எஃகு எழுந்தது என்பதும் புரியும்.

1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தது. இரண்டு நாள் தீயில் சுமார் 300 பேர் செத்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், நகரத்தின் மையம் சாம்பலானது. ஆனால் ரயில் பாதைகளும் தானியச் சந்தையும் மரவியாபாரமும் அந்த ஊரைவிட்டு எங்கும் போய்விடவில்லை. 1870-இல் மூன்று லட்சமாக இருந்த மக்கள்தொகை 1890-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் மையத்தில் அலுவலகம் வேண்டும். அந்த மையமோ மிகச் சின்னது. கிழக்கே ஏரி, வடக்கிலும் மேற்கிலும் ஆறு, தெற்கே ரயில் நிலையங்களும் சரக்குக் கூடங்களும். பக்கவாட்டில் விரிய இடமே இல்லை. 1880-இல் கால் ஏக்கர் மனை 1,30,000 டாலருக்குப் போனது. பத்தே வருடத்தில் அது 9,00,000 டாலரைத் தொட்டது. இந்த விலைக்கு மனை வாங்கி நாலு மாடி மட்டும் கட்டினால் போட்ட காசு எப்போது திரும்பும்?

மேலே போகலாம் என்ற எண்ணத்துக்கு வழிவிட்டது லிஃப்ட். கயிறு அறுந்தாலும் கூண்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பை எலிஷா ஓட்டிஸ் 1850களில் செய்துகாட்டினார். அதுவரை ஐந்தாவது மாடிக்கு ஏறிவர யாரும் தயாராக இல்லை. மேல்மாடிக்கு வாடகை குறைவு. லிஃப்ட் வந்ததும் நிலைமை தலைகீழானது. மேலே வெளிச்சம் அதிகம், காற்று நன்றாக வரும், தெருவின் புகையும் குதிரைச் சாணத்தின் நாற்றமும் எட்டாது. மேல்மாடியும் நல்ல வாடகைக்குப் போனது.

இந்தக் கணக்கைச் சிகாகோவில் முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் பாஸ்டன் நகரத்துப் பணக்காரச் சகோதரர்களான பீட்டர் புரூக்ஸும் ஷெப்பர்ட் புரூக்ஸும் முக்கியமானவர்கள். அவர்கள் பணம் போட்டார்கள். சிகாகோவில் இருந்துகொண்டு மனை பார்த்து, வாடகைக்கு ஆள் பிடித்து, கட்டடக்கலைஞர்களோடு மல்லுக்கட்டியவர் அவர்களுடைய முகவர் ஓவன் ஆல்டிஸ். பீட்டர் புரூக்ஸ் பாஸ்டனில் உட்கார்ந்தபடி ஆல்டிஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1880களின் தொடக்கத்தில் அவர்கள் கட்டிய பத்து மாடி மொன்டாக் கட்டடத்துக்கே அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: இது பயன்பாட்டுக்கான கட்டடம், அலங்காரத்துக்கானதல்ல, பயனுக்குப் பொருந்தி நிற்பதே அதன் அழகு. மொனாட்நாக் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். சுவரில் புடைப்பும் வேண்டாம், குழிவும் வேண்டாம், எல்லாம் தட்டையாக இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கிற வேலைப்பாடு என்றால் அழுக்குச் சேரும், புறாவும் குருவியும் கூடு கட்டும், கட்டடத்துக்கு அதனால் பலமும் கிடையாது என்று எழுதினார். ஒரு நூற்றாண்டு முழுக்கக் கட்டடக்கலைஞர்கள் ‘அலங்காரமற்ற அழகு’ என்று தத்துவம் பேசினார்களே, அதற்கு முன்பே பராமரிப்புச் செலவை யோசித்த வீட்டுக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார்.

கட்டடக்கலைஞர்கள் டேனியல் பர்னமும் ஜான் வெல்பார்ன் ரூட்டும். பர்னம் ஆட்களைப் பேசி வழிக்குக் கொண்டுவருவதில் வல்லவர். வரைபடமும் பொறியியல் மூளையும் ரூட்டினுடையவை. 1884 வாக்கிலேயே திட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மனை அன்றைய வியாபாரப் பகுதியின் தெற்கு விளிம்பில் இருந்தது. அவ்வளவு தூரம் யார் வாடகைக்கு வருவார்கள் என்ற தயக்கத்தில் பல வருடம் இழுத்தது. 1889-இல்தான் வேலை நகர்ந்தது.

மனையின் வடிவம் விசித்திரமானது. அகலம் சுமார் 70 அடிதான். இரண்டு பாதியும் சேர்த்தால் நீளம் சுமார் 400 அடி. முழு மனையைச் சுற்றி நாலு பக்கமும் தெரு. இப்படிப்பட்ட ஒடுக்கமான மனையை வாங்குகிறவர் முதலில் யோசிப்பார். ஆல்டிஸ் அதில் ஒரு லாபம் பார்த்தார். நடுவே நீளவாக்கில் ஒரு நடைபாதை, இருபுறமும் அறைகள் என்று அமைத்தால் ஒவ்வொரு அறைக்கும் தெருப்பக்க ஜன்னல் கிடைத்துவிடும். மின்விளக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்த காலம். பகல் வெளிச்சம் இல்லாத அறையை யாரும் நல்ல வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். நடைபாதைக்கும் வெளிச்சம் கசியட்டும் என்று அறைகளின் உட்சுவர்களில் மங்கலான கண்ணாடி பதித்தார்கள்.

சரி, அந்தச் சுவர் ஏன் ஆறடி?

செங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் உயரம் கூடக்கூட, அடியிலுள்ள செங்கல் மேலேயுள்ள அத்தனை சுவரையும் தரைகளையும் அதில் இருக்கிற மனிதர்களையும் மேசைகளையும் சுமக்க வேண்டும். அதனால் கீழே வர வர சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போக வேண்டும். அந்தக் காலத்து வழக்கம் சுலபமானது: ஒரு மாடிக்கு 12 அங்குலச் சுவர், கூடும் ஒவ்வொரு மாடிக்கும் அடியில் 4 அங்குலம் சேர்த்துக்கொள். 16 மாடிக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து நான்கு அறுபது, பன்னிரண்டைக் கூட்டினால் 72 அங்குலம். அதாவது 6 அடி. மொனாட்நாக் வடக்குப் பாதியின் அடிச்சுவர் சரியாக அந்தத் தடிமன்தான். மேலே போகப் போக மெலிந்து உச்சியில் 18 அங்குலமாகிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஜன்னல் குழிவில் ஒரு பிள்ளை கால்நீட்டி உட்கார்ந்து படிக்கும் அளவுக்குச் சுவர் இருக்குமே, அது இரண்டடிதான். இது அதைப்போல மூன்று மடங்கு.

இதை வாடகையாக மாற்றிப் பார்த்தால் விஷயம் இன்னும் உறைக்கும். 70 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் ஆறாறு அடி போனால் 12 அடி. தரைத்தளத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைச் சுவரே தின்றுவிடுகிறது. தரைத்தளத்தில்தான் கடைகள், அங்கேதான் சதுர அடிக்கு வாடகை அதிகம். கடைக்குப் பெரிய கண்ணாடி முகப்பு வேண்டும் என்றால் இவ்வளவு தடித்த தூண்களுக்கு நடுவில்தான் அதைச் செருக வேண்டும். இன்னும் ஆறேழு மாடி கூட்டியிருந்தால் மேலே கிடைக்கிற வாடகையைவிடக் கீழே இழக்கிற வாடகை பெரிய தலைவலியாகியிருக்கும். செங்கல்லின் எல்லை அதன் வலிமையில் இல்லை. மனையின் அகலத்தில் இருந்தது.

அப்படியானால் எஃகைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கட்டடக்கலைஞர் வில்லியம் லீ பேரன் ஜென்னியின் பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் இதே ஊரில் 1885-இல் உலோகச் சட்டகத்தோடு எழுந்துவிட்டது. பர்னமும் ரூட்டுமே மொனாட்நாக்கைக் கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரேண்ட் மக்நாலி கட்டடத்தை முழுக்க எஃகுச் சட்டகத்தில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆக, அறியாமை இல்லை. பணம் போடுகிறவர் புரூக்ஸ். அவருக்குப் புது முறைமேல் நம்பிக்கை வரவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது நியாயமானதே. எஃகுத் தூண் சுவருக்குள் இருந்து துருப்பிடித்தால் யாருக்குத் தெரியும்? நெருப்பில் அது எப்படி நடந்துகொள்ளும்? ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் நின்றது அப்போது நாலைந்து வருடம்தான். செங்கல்லோ ஆயிரம் வருட அனுபவம் உள்ள பொருள். தலைமுறை தலைமுறையாக வாடகை வாங்க நினைக்கிற குடும்பம் நாலு வருட அனுபவத்தை நம்பிப் பணம் போடத் தயங்கியது. அதை நான் பிற்போக்கு என்று சொல்ல மாட்டேன்.

அதே சமயம் உள்ளே எட்டிப் பார்த்தால் இது முழுப் பழைய கட்டடமும் இல்லை. வெளிச்சுவர்தான் செங்கல், உள்ளே தரைகளைத் தாங்குவது உலோகத் தூண்களும் உத்தரங்களும். இவ்வளவு ஒடுக்கமாகவும் உயரமாகவும் நிற்கிற கட்டடத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். அதைத் தடுக்க உள்ளே உலோகச் சட்டங்களை இறுக்கிப் பிணைத்தார்கள். அமெரிக்காவில் காற்றைக் கணக்கில் எடுத்துச் செய்த இத்தகைய பிணைப்புகளில் இது மிக முந்தையது. படிக்கட்டுகளில் அலுமினியம் பயன்படுத்தினார்கள். மலிவாக அலுமினியம் எடுக்கும் முறை 1886-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை நகைக்கடைப் பொருள் மாதிரி அரிதாக இருந்த உலோகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் படியில் ஏறியது. பழமைவாதி என்று பெயரெடுத்த கட்டடத்தில் இவ்வளவு புதுமை இருந்தது.

வெளித்தோற்றத்தின் கதை இன்னும் சுவையானது. ரூட் அலங்காரத்தில் ஆசை உள்ளவர். அவருடைய முந்தைய வரைபடங்களில் எகிப்திய பாணி வேலைப்பாடுகள் இருந்தன. அவர் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பர்னம் அலுவலக வரைவாளரிடம் எந்த வேலைப்பாடும் இல்லாத நேர்ச்சுவராக ஒரு படம் போடச் சொன்னார் என்று ரூட்டுக்கு நெருக்கமானவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திரும்பிவந்த ரூட் முதலில் கொதித்தார். அப்புறம் அதையே எடுத்து முழுமூச்சாக இறங்கினார். ஒட்டிவைக்கிற அலங்காரம் கிடையாது என்றால் சுவரின் உடம்பையே வளைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அடித்தளத்தில் வெளியே புடைத்து நிற்கிற சுவர் இரண்டாவது மாடியருகே மெதுவாக உள்ளே வளைகிறது. பிறகு நேராக ஏறி, உச்சியில் மறுபடி வெளியே விரிகிறது. மூலைகள் கீழே கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப் போகச் சரிவாகச் சீவியதுபோல் ஆகின்றன. இதற்காகச் செங்கற்களைத் தனித்தனி அச்சில் வார்க்க வேண்டியிருந்தது. எகிப்தியக் கோயில் முகப்புச் சுவர்களின் கனத்த கோடு மனதில் புகுந்துவிட்டது என்று ரூட் சொன்னாராம். பாரத்துக்காக அடியில் தடித்தே ஆக வேண்டிய சுவர், அந்தத் தடிமனையே வளைவாகக் காட்டுகிறது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகப் பிடித்தது இதுதான். அந்தக் காலத்துச் சிகாகோவின் பெரிய கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன்கூட இதைச் செங்கல்லால் ஆன செங்குத்துப் பாறை என்று வியந்து எழுதினார்.

புடைப்பே வேண்டாம் என்று சொன்ன புரூக்ஸ் ஓரிடத்தில் இறங்கிவந்தார். கட்டடத்தின் நீளமான பக்கங்களில் ஜன்னல்கள் வரிசை வரிசையாகத் தெருவின் மேல் பிதுங்கி நிற்கின்றன. இது ஆல்டிஸின் வாதம். வெளியே பிதுங்கிய ஜன்னல் மூன்று பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வாங்கும்; அதோடு மனை எல்லையைத் தாண்டித் தெருவின் மேலே இருக்கிற வெற்றிடத்தையும் அறையோடு சேர்த்து வாடகைக்கு விடலாம். மனை வாங்காமலே கிடைக்கிற சதுர அடி. புறாவைப் பற்றிய கவலை அதற்குமுன் நிற்கவில்லை.

ரூட் இதை முழுதாகப் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார். வயது 41.

இனி மண். சிகாகோவின் அடியில் பாறை வெகு ஆழத்தில்தான் இருக்கிறது; அதற்கு மேலே ஈரமான களிமண். அதில் கனத்த கட்டடத்தை வைத்தால் இறங்கும். ரூட் மொன்டாக் கட்டடத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். எஃகுத் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, அகலமான தட்டையான மேடையாக்கி அதன்மேல் கட்டடத்தை வைப்பது. பாரம் பரந்த இடத்துக்குப் பிரிந்துபோகும். மொனாட்நாக்குக்கும் அதே முறைதான். அடித்தள மேடை கட்டடச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு அடியிலும் நீண்டது. எப்படியும் எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு உயர்த்தியே கட்டினார்கள். ஆனால் கட்டடம் அதோடு நிற்கவில்லை. பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல இறங்கி மொத்தம் 20 அங்குலம் போய்விட்டது. தெருவிலிருந்து தரைத்தளத்துக்குப் படியிறங்கிப் போக வேண்டிய நிலை வந்தது. அவ்வளவு இறங்கியும் அது நின்றது. செங்கல் பாரத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது: தடித்த சுவர் வாடகை இடத்தைத் தின்பது மட்டுமில்லை, தன் எடையாலேயே மண்ணையும் அமுக்கிக்கொண்டு போகிறது.

தெற்குப் பாதிக்கு வந்தபோது ரூட் இல்லை. பர்னம் 1893 உலகக் கண்காட்சியின் கட்டுமானப் பொறுப்பில் மூழ்கியிருந்தார். புரூக்ஸ் குடும்பம் வேலையை ஹோலபேர்ட்–ரோச் நிறுவனத்திடம் கொடுத்தது. உலோகச் சட்டகத்தில் டகோமா கட்டடத்தை 1889-லேயே எழுப்பியவர்கள் அவர்கள். அதற்குள் புரூக்ஸின் தயக்கமும் கரைந்திருந்தது. தெற்குப் பாதியில் எஃகு எலும்பாகவும் செங்கல்லும் சுடுமண்ணும் வெறும் தோலாகவும் ஆயின. வடக்குப் பாதியின் வளைவுகள் இதில் இல்லை. பதிலுக்கு மேலே வளைமுகங்களும் விளிம்பு வேலைப்பாடும் வந்தன. கணக்குப் பார்த்தபோது தெற்குப் பாதிக்குச் செலவு 15 சதவீதம் குறைவு, எடை 15 சதவீதம் குறைவு, வாடகைக்கு விடக்கூடிய இடம் 15 சதவீதம் அதிகம். வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை. செங்கல் சுவரில் உயரக் கட்டடம் கட்டும் காலம் இந்த ஒப்பீட்டோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

முடிந்தபோது இது உலகிலேயே பெரிய அலுவலகக் கட்டடம். 1,200 அறைகள், 6,000 பேருக்கு மேல். அதற்கென்றே நாலு தபால்காரர்கள், நாளைக்கு ஆறு முறை தபால். நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மலைகளின் பெயர் வைத்தார்கள்: மொனாட்நாக், கியர்சார்ஜ், கட்டாடின், வாச்சூசெட். கடைசியில் முதல் பெயரே மொத்தத்துக்கும் நிலைத்தது. யாரும் வரமாட்டார்கள் என்று பயந்த மூலையில்தான் இவ்வளவு கூட்டம்.

1893 என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்தச் செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பிவைக்க மதராஸில் அளசிங்கப் பெருமாள் போன்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். பேரவை நடந்த மிச்சிகன் அவென்யூ மண்டபம் மொனாட்நாக்கிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். மதராஸ் அன்பர்களின் காசில் அவர் போய் இறங்கிய ஊர் இப்படித்தான் இருந்தது: ஒரு தெருவில் செங்கல் மலை, ஒட்டினாற்போல் புத்தம்புது எஃகு. அதே வருடம் சிகாகோ நகரமன்றம் கட்டட உயரத்துக்கு 130 அடி என்று வரம்பு விதித்தது. மொனாட்நாக்கைப் போன்ற ஒன்றை அதன் பிறகு சில காலம் அங்கே யாரும் கட்ட முடியவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு வருத்தம் தருகிறது. எஃகின் முன்னோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டன. ரேண்ட் மக்நாலி 1911-இல், டகோமா 1929-இல், ஹோம் இன்ஷூரன்ஸ் 1931-இல். மொன்டாக் 1902-லேயே போய்விட்டது. அவற்றைக் கொன்றதும் வாடகைக் கணக்குதான். அந்த மனைகளில் இன்னும் உயரமாகக் கட்டினால் இன்னும் வரும். மொனாட்நாக் தப்பியதற்கு அதன் ஒடுக்கமான மனை ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். நாலு பக்கமும் தெரு சூழ்ந்த 70 அடி அகலத்தில் இதைவிட லாபமாக எதைக் கட்டிவிட முடியும்? ஆனால் பழுதாகிக்கொண்டே வந்தது. மொசைக் தரைகளை மூடினார்கள், கூரைகளைத் தாழ்த்தினார்கள், பழைய கதவுகளைக் கழற்றினார்கள். எதிரே ஜாக்சன் தெருவின் மறுபக்கத்தில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் எஃகும் கண்ணாடியுமான அரசுக் கட்டடங்கள் எழுந்தபோது, இது இடிக்கக் காத்திருக்கிற பழைய சரக்கு மாதிரித் தெரிந்தது. 1970-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டிலும், 1973-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் இடம்பிடித்தது.

1979-இல் வில்லியம் டானல் என்பவரும் கூட்டாளிகளும் வாங்கினார்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கும் பணம் அவர்களிடம் இல்லை. அதனால் கட்டடத்தை மூடாமல், வாடகைக்காரர்களை வைத்துக்கொண்டே, கையில் காசு சேரச் சேரப் பகுதி பகுதியாகச் சரிசெய்தார்கள். மொசைக் தரையைப் பழைய மாதிரி பார்த்து மறுபடி பதித்தார்கள், மரவேலையையும் மங்கல் கண்ணாடியையும் விளக்குகளையும் 1890களின் தோற்றத்துக்கே திருப்பினார்கள். பதின்மூன்று வருடம் பிடித்தது. பெரிய நிறுவனங்களை எதிர்பார்க்காமல் சின்னச் சின்ன வக்கீல் அலுவலகங்கள், கடைகள் என்று ஒரு காலத்தில் புரூக்ஸ் யாருக்காகக் கட்டினாரோ அதே மாதிரி ஆட்களுக்கே விட்டார்கள். இன்றைக்கும் அது அலுவலகக் கட்டடம்தான். ஆறடிச் சுவர்களுக்கு நடுவே கடை ஜன்னல்கள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கின்றன, மாடிகளில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள்.